நோட்டீஸ் போர்டைப் பார்த்தீர்களா?



முழு ஆண்டுத் தேர்வு முடிகிற அன்று பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் சட்டையில் ஒருவர் மை அடிப்பதும், ஆட்டோகிராப் நோட்டை நீட்டுவதும், "லீவுக்கு எந்த ஊருக்குப் போறே?" என்று கேட்பதுமாக ஒரே அமளி! கடைசி மணி அடித்ததுமே வாசலை நோக்கி ஓட்டம்தான். அந்த அவசரத்தில், தலைமை ஆசிரியர் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கரும்பலகையை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுதான் அறிவிப்புப் பலகை. நீங்கள் நோட்டீஸ் போர்டு என்று சொல்வீர்களே, அது.

அந்தப் பலகையில் நான் பல வருடங்கள் எழுதியிருக்கிறேன். நான் இடைநிலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று (நான் சொல்லவில்லை, தலைமை ஆசிரியர் சொன்னது!) பலகை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

ஆண்டுக் கடைசியில் அதில் இடமே போதாது. கோடை விடுமுறை எந்தத் தேதியிலிருந்து, பள்ளி திறப்பது என்றைக்கு, நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்கள் யார் யார், உதவித்தொகைத் தேர்வில் தேறியவர்கள் யார், ஓய்வு பெறும் ஆசிரியருக்குப் பாராட்டு விழா எப்போது என்று வரிசையாக எழுதுவேன். பிள்ளைகள் படிப்பது பள்ளி திறக்கும் தேதியை மட்டும்தான். அதுவும் "இன்னும் ரெண்டு நாள் தள்ளிப் போட்டா என்ன சார்?" என்று கேட்பதற்காக!

படிக்காமல் போன ஒரு வரியால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2007-ம் ஆண்டு. 10-ம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்திருந்தன. ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்த பையன் ஒருவன் கணக்கில் 31 மதிப்பெண் வாங்கியிருந்தான். தேர்ச்சிக்கு 35 வேண்டும். நாலே நாலு மதிப்பெண் குறைவு. மற்ற எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டான். தமிழில் 80-க்கு மேல்! ஒட்டியிருந்த பட்டியலை ஒரு தடவை பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன்தான், பள்ளிப் பக்கமே வரவில்லை.

சில நாள் கழித்து அலுவலகத்துக்குச் சுற்றறிக்கை வந்தது. தேர்ச்சி பெறாதவர்கள் அந்த வருடமே உடனடியாக மறுபடியும் எழுதலாம், இந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று இருந்தது. நான் அதைக் கலர் சாக்பீசில் கட்டம் கட்டி எழுதினேன். கடைசித் தேதிக்குக் கீழே சிவப்புக் கோடு வேறு. 'நம் வேலை முடிந்தது' என்று கையைத் தட்டிவிட்டு, அக்கா வீட்டுக்கு ஊருக்குப் போய்விட்டேன்.

கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்தின் கேட் பூட்டியிருக்கும். அப்படியானால் அந்தக் கலர் எழுத்தை யார் படிப்பார்கள்? வேப்பமரத்துக் காக்கையா?

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவனுடைய தங்கை என்னிடம் வந்தாள். "சார், அண்ணன் மறுபடியும் எழுதலாமாமே, எப்போ பணம் கட்டணும்?" என்று கேட்டாள். கடைசித் தேதி போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. அதற்குள் அவனும் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நேரில் போய், "அடுத்த தேர்வுக்காவது எழுதுடா" என்றேன். "பார்க்கலாம் சார்" என்றான். கையெல்லாம் கிரீஸ். அவன் எழுதவே இல்லை.

அவன் வீடு பள்ளியிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்தான். நான் தினமும் சைக்கிளில் அந்தத் தெரு வழியாகத்தான் போவேன். இறங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அந்தத் தெருமுனை வந்தால் எனக்கு இது ஞாபகம் வரும்.

மறு வருடத்திலிருந்து பலகையில் எழுதியதும் அதே வரிகளைத் தாளில் எழுதிக்கொண்டு தேறாத பிள்ளைகளின் வீடு வீடாகப் போனேன். சில வீடுகளில் அப்பா கோபமாக இருப்பார். சில வீடுகளில் பிள்ளை உள்ளறையை விட்டு வெளியே வராது. அம்மாவிடம் கொடுத்து, "இந்தத் தேதியை மட்டும் மறந்துடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு வருவேன்.

இப்போது காலம் மாறிவிட்டது. தேர்வு முடிவு வீட்டுச் செல்போனுக்கே குறுஞ்செய்தியாக வந்துவிடுகிறது. ஆனால் அது மதிப்பெண்ணைத்தான் சொல்லும். அடுத்து என்ன செய்யலாம் என்பதற்குப் பள்ளியின் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். 2025-ம் ஆண்டு தமிழ்நாட்டில் 8 லட்சத்து 71 ஆயிரத்துக்கும் அதிகமானோர் 10-ம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள். 93.80 விழுக்காடு தேர்ச்சி. பாராட்ட வேண்டியதுதான். மீதிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 54 ஆயிரம் பேர்! அவர்களுக்கான துணைத் தேர்வு ஜூலையிலேயே நடந்தது. அதில் தேறினால் ஒரு வருடம் வீணாகாமல் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். தாங்கள் படித்த பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் கூட்டலில் சந்தேகம் இருந்தால் மறுகூட்டல் கேட்கவும் வழி உண்டு. எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி இருக்கிறது, அதுவும் சில நாட்கள்தான்.

'நான் ஏழாவதுதானே படிக்கிறேன், எனக்கென்ன?' என்கிறீர்களா? உங்கள் தெருவில் ஓர் அண்ணனோ அக்காவோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவர்கள் பள்ளிக்குப் போய்ப் பார்க்க வெட்கப்படுவார்கள். நீங்கள் போய்ப் படித்துவிட்டு வந்து சொல்லலாமே!

முன்பெல்லாம் முடிவு வந்த அன்று மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பெயர்களை அறிவிப்பார்கள். 2017-ம் ஆண்டு தமிழக அரசு அதை நிறுத்தியது. எனக்குப் பிடித்த முடிவு அது. முதல் மூன்று பேருக்கு மாலை விழும்போது, மற்றவர்களுக்குத் தாங்கள் தோற்றுவிட்டது போலவே ஒரு நினைப்பு வந்துவிடும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிப்பவர்கள் என்.எம்.எம்.எஸ். தேர்வைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் தேர்வாகிறவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. நான்கு வருடத்துக்கு 48,000 ரூபாய்! பட்டியலில் பெயர் வந்ததும் துள்ளிக் குதிப்பீர்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று பள்ளி திறந்த பிறகு ஓர் அறிவிப்பு வரும். அதை விட்டுவிட்டு, "ஏன் சார் பணம் வரல?" என்று கேட்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

2020-ம் ஆண்டை மட்டும் மறக்கவே முடியாது. கொரோனா வந்து பள்ளிகளை மூடிவிட்டார்கள். பலகையும் காலி. ஜூன் மாதம் அரசு 10-ம் வகுப்புத் தேர்வையே ரத்து செய்து, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடு, வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடு என்று மதிப்பெண் போட்டார்கள். 'அரையாண்டுத் தேர்வுதானே' என்று விளையாட்டாக எழுதியவர்கள் அன்று தலையில் கை வைத்துக்கொண்டார்கள்!

கடைசியாக டி.சி. அதாவது மாற்றுச் சான்றிதழ். ஐந்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ முடித்து வேறு பள்ளிக்குப் போகிறவர்கள் இதை வாங்க வேண்டும். தொடக்கக் கல்வி முடிக்காத பிள்ளை பள்ளி மாறும்போது டி.சி.யை உடனே தர வேண்டும், அது வரத் தாமதமானாலும் புதுப் பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. வாங்கியதும் மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப் பாருங்கள். இங்கே இருக்கிற தப்பு 10-ம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகிவிட்டால், பிறகு திருத்துவதற்கு அலையோ அலை என்று அலைய வேண்டும். நாளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போனால் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழையும் காட்டலாம்.

போன வருடம் மே மாதம், என் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியது யார் தெரியுமா? அந்த 31 மதிப்பெண் பையன்! இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். பின்னால் அவன் மகள். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். நம் பள்ளியில்தான் ஆறாம் வகுப்பு சேரப் போகிறாளாம்.

"சார், இவளோட டி.சி. வாங்கிட்டேன். எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க சார்" என்றான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பெயர் சரி. இனிஷியல் சரி. பிறந்த தேதி 06.08 என்று இருந்தது. "பாப்பா, உன் பிறந்த நாள் எப்போ?" என்று கேட்டேன்.

"ஜூன் எட்டு, தாத்தா! ஸ்கூல் திறந்ததும் எல்லாருக்கும் சாக்லேட் கொடுப்பேனே" என்றாள்.

தேதியும் மாதமும் இடம் மாறியிருந்தன! ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோதே யாரோ மாற்றி எழுதியிருக்கிறார்கள். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. "பிறப்புச் சான்றிதழ் எங்கேடா?" என்றேன். வீட்டில் இருக்கிறது என்றான். அதை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் அவள் படித்த தொடக்கப் பள்ளிக்குக் கிளம்பினோம்.