மூளைக் கட்டியும் ரெண்டு ரூபாயும்



போன மாதம் நம் வகுப்புக்கு ஒரு நிதி டப்பா வந்தது ஞாபகம் இருக்கிறதா? மூளையில் கட்டி உள்ள குழந்தைகளுக்காக. டப்பா என் பெஞ்சுக்கு வந்தபோது நான் சும்மா இருக்காமல், "நம்ம ரெண்டு ரூபாயில கட்டி கரைஞ்சிடுமாக்கும்!" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அறிவியல் டீச்சர் சிரிக்கவில்லை. "சரி, வேற எதுல கரையும்னு படிச்சிட்டு வந்து சுவர்ப் பத்திரிகையில எழுது" என்று சொல்லிவிட்டார். தண்டனைதான். ஆனால் படிக்கப் படிக்க எனக்கே விட மனசு வரவில்லை.

முதலில் ஒரு விளையாட்டு மைதானத்துக்குப் போவோம். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலம், லிங்கன் நகரம், 2013 ஏப்ரல் 6. பல்கலைக்கழக அணி இரண்டாகப் பிரிந்து விளையாடும் பயிற்சி ஆட்டம். அமெரிக்கக் கால்பந்து என்றால் நம்ம கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், எதிரணி மேலே விழுந்து அமுக்கும். கொஞ்சம் கபடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று 60,000 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பகுதியில் 22-ஆம் எண் சட்டை போட்ட ஒரு குட்டிப் பையன் உள்ளே வந்தான். வயது 7. பெயர் ஜாக் ஹாஃப்மன். பந்தைக் கையில் கொடுத்ததும் முதலில் தப்பான பக்கம் திரும்பிவிட்டான். பந்து கொடுத்த வீரர் வழியைக் கைகாட்ட, அப்புறம் எடுத்தான் பாருங்கள் ஓட்டம்! 69 கஜம், அதாவது சுமார் 63 மீட்டர், எல்லைக்கோடு வரைக்கும். இரண்டு பக்க வீரர்களும் ஓடிவந்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

அந்தப் பையனுக்கு அப்போது 60 வாரக் கீமோதெரபி நடந்துகொண்டிருந்தது. நடுவில் கிடைத்த இரண்டு வார இடைவெளியில்தான் மைதானத்துக்கு வந்திருந்தான்.

2011-இல், 5 வயதில், அவனுக்குத் திடீரென்று வலிப்பு வந்தது. ஸ்கேன் செய்து பார்த்ததில் மூளையில் கட்டி. இதற்குக் கிளையோமா என்று பெயர். மூளையில் நரம்பு செல்கள் மட்டும் இல்லை, அவற்றுக்குத் துணையாக இருந்து பராமரிக்கும் செல்களும் உண்டு. அந்தத் துணை செல்கள் கட்டுமீறிப் பெருகுவதுதான் கிளையோமா. வயிற்றில் கட்டி வந்தால் கொஞ்சமாவது இடம் இருக்கும். மண்டை ஓடு மூடிய பெட்டி. மெதுவாக வளரும் கட்டி கூட அங்கே அழுத்த ஆரம்பித்துவிடும். முழுசாக வெட்டி எடுக்கலாமே என்றால், பக்கத்திலேயே பேச்சு, பார்வை, நடை எல்லாம் இருக்கிறது. கதிர்வீச்சு கொடுக்கலாமே என்றால், சின்னப் பிள்ளையின் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அது படிப்பையும் ஞாபகத்தையும் பாதிக்கும். மருந்து கொடுக்கலாமே என்றால், ரத்தத்தில் வரும் கண்ட பொருளையும் மூளைக்குள் விடாமல் தடுக்கும் ஒரு காவல் அங்கே உண்டு. விஷத்தைத் தடுக்கும் அதே காவல் பல மருந்துகளையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது! (டீச்சர், இது தேர்வில் வருமா?)

ஜாக்குக்கு முதல் அறுவை சிகிச்சையில் கட்டியில் கொஞ்சம்தான் எடுக்க முடிந்தது. பாஸ்டன் நகரில் நடந்த இரண்டாவதில் பெரும்பகுதியை எடுத்தார்கள். அதற்குப் போவதற்கு முன் மகனுக்குப் பிடித்த வீரரை ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று அப்பா ஆன்டி ஹாஃப்மன் ஆசைப்பட்டார். அந்த வீரர் ரெக்ஸ் பர்க்ஹெட், 22-ஆம் எண் அவருடையதுதான். ஒரு நாள் சந்திப்போடு முடிய வேண்டியது, நட்பாகிவிட்டது. அணி வீரர்கள் ஜாக் பெயர் போட்ட கைப்பட்டை கட்டிக்கொண்டார்கள். மைதானத்து ஓட்டத்தின் வீடியோவை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள், நன்கொடை குவிந்தது. 'டீம் ஜாக்' அறக்கட்டளை உருவாயிற்று.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வீடியோவில் வந்த பையனுக்குப் பணம் வருகிறது. வீடியோவில் வராத பையன் என்ன செய்வான்? இது நியாயமே இல்லையே! ஆனால் இந்த அறக்கட்டளை ஜாக்கின் வைத்தியச் செலவுக்காக வசூலிக்கவில்லை, குழந்தைகளின் மூளைக் கட்டி ஆராய்ச்சிக்காக வசூலித்தது. ஆராய்ச்சியில் கிடைப்பது வீடியோவில் வராத பிள்ளைக்கும் போய்ச் சேரும். அதைப் படித்த பிறகுதான் என் வாய் அடைத்தது.

"ஆராய்ச்சிக்கு அரசாங்கமும் மருந்து கம்பெனியும் இருக்கே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அமெரிக்கா முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 5,000 பிள்ளைகளுக்குத்தான் மூளை, தண்டுவடக் கட்டிகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அதிலும் பற்பல வகை. ஒவ்வொரு வகைக்கும் சில நூறு பேர் என்றால் மருந்து கம்பெனிக்குக் கணக்கு கட்டாது. அரசாங்கம் பணம் தரும், ஆனால் "முதற்கட்டச் சான்று காட்டு" என்று கேட்கும். சான்று காட்டவே பணம் வேண்டுமே! அந்த இடத்தில்தான் நன்கொடைப் பணம் நுழைகிறது. கட்டித் துணுக்குகளைக் கெடாமல் சேமிக்க, அவற்றின் மரபணுவைப் படிக்க, புது யோசனையோடு வரும் ஓர் இளம் மருத்துவரை இரண்டு வருடம் வேலையில் வைத்திருக்க. விதை நெல் மாதிரி. விதை நெல்லை வைத்து ஊருக்கே சோறு போட முடியாது, ஆனால் அது இல்லாமல் நாற்றும் இல்லை.

இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. அதே பாஸ்டனில் 1947-இல் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஒரு புது மருந்து கொடுத்துப் பார்த்தார். 16 பேரில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது, ஆனால் நீடிக்கவில்லை. மேற்கொண்டு ஆராயப் பணம் வேண்டும். 1948 மே 22 அன்று வானொலியில் ஒரு 12 வயதுப் பையனைப் பேச வைத்தார்கள். பெயரை மறைத்து 'ஜிம்மி' என்றார்கள். பேஸ்பால் வீரர்கள் அவன் படுக்கையைச் சுற்றி வந்து நின்றார்கள். அவன் ஆட்டம் பார்க்க ஒரு டெலிவிஷன் பெட்டி வேண்டும், பணம் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அந்த வருடமே 2,31,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. பெட்டியும் கிடைத்தது, ஜிம்மி நிதியும் பிறந்தது. ஜிம்மி எப்போதோ இறந்திருப்பான் என்று பலர் நினைத்தார்கள். 1998-இல் அவரே வெளியே வந்தார், லாரி ஓட்டுநராக! 2001 வரை வாழ்ந்தார்.

அன்று குழந்தைகளுக்கு ரத்தப் புற்று என்றாலே முடிவு என்று அர்த்தம். இன்று அதில் அதிகம் காணப்படும் வகையில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். அதனால்தான் 2016-இல் வெளியான அமெரிக்க அரசுக் கணக்கில், குழந்தைகளைக் கொல்லும் புற்றுநோய்களில் ரத்தப் புற்று முதலிடத்தை விட்டு இறங்கியிருந்தது. அந்த இடத்துக்கு வந்தது மூளைப் புற்று. ரத்தத்தை ஊசியில் எடுத்துச் சோதித்துவிடலாம். மூளையைத் திறந்து துணுக்கு எடுப்பது அப்படியா?

அசைவே இல்லை என்றும் சொல்ல முடியாது. குழந்தைகளின் மெதுவாக வளரும் கிளையோமாவில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருந்தால், அதையே குறிவைக்கும் மருந்துகளுக்கு 2023-லும் 2024-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வாயால் சாப்பிடும் மருந்துகள்தான்.

ஜாக் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? அவன் வளர்ந்தான், பள்ளி அணியில் கால்பந்து விளையாடினான், கல்லூரியிலும் சேர்ந்தான். ஆனால் அவனுக்கு முன்பே அப்பா போய்விட்டார். மகனுக்காகப் பணம் திரட்டிய ஆன்டிக்கே 2020-இல் மூளைப் புற்று என்று தெரிந்தது, 2021 மார்ச்சில் இறந்தார். இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்விட்டேன். ஜாக் 2025 ஜனவரியில் இறந்தான், வயது 19. கண்டுபிடித்ததிலிருந்து கிட்டத்தட்ட 14 வருடம்.

ஆக, என் கேள்விக்குப் பதில்: ரெண்டு ரூபாயில் கட்டி கரையாது. அன்று நான் சொன்னது சரிதான், சிரித்ததுதான் தப்பு.

டப்பா இப்போது தலைமையாசிரியர் அறையில், மணி மாட்டியிருக்கும் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை திறந்து, டீச்சர் முன்னால் எண்ணி, தொகையை இதே பலகையில் எழுதுவோம். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, மூன்றாவது பெஞ்சு