பட்டி குன்றுகளில் ஒரு சைக்கிள் சவாரி

தலைநகரைக் கட்ட மணலும் கல்லும் கொடுத்த சுரங்கப் பூமியில் இப்போது சைக்கிள்கள் ஓடுகின்றன. குழிகள் பசுமையாகிவிட்டன. தோண்டியவர்களின் கதைதான் புதைந்து கிடக்கிறது.

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடிய இன்னும் நேரமிருக்கிறது. தில்லியின் தெற்கு விளிம்பில், சத்தர்பூர் கோயிலைத் தாண்டிச் செல்லும் சாலையில் பனிமூட்டத்தைத் துளைத்துக்கொண்டு சிறு சிறு விளக்குகள் வரிசையாக வருகின்றன. மோட்டார் சத்தம் இல்லை. சங்கிலி உருளும் ஓசையும், குளிரில் புகையாக வெளிவரும் மூச்சும்தான். ஃபதேபூர் பேரியைக் கடந்ததும் தார்ச்சாலையை விட்டுச் சக்கரங்கள் இறங்குகின்றன. அடுத்த நிமிடம் டயருக்குக் கீழே நறநறவென்று செந்நிறச் சரளை.

இதற்கென்றே ஒரு சைக்கிள் இருக்கிறது. பெயர் கிராவல் பைக். பந்தய சைக்கிளைப் போல வளைந்த ஹேண்டில்பார். ஆனால் டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் அளவுக்கு அகலம். டிஸ்க் பிரேக், மேடேறுவதற்கு இளகிய கியர். தார்ச்சாலையிலும் ஓடும், கப்பிச் சாலையிலும் தள்ளாடாது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 2006-ல் ஒரு சிறு பந்தயமாகத் தொடங்கி உலகெங்கும் பரவிய பைத்தியம் இது. 2022-ல் இத்தாலியில் முதல் உலக சாம்பியன் போட்டியே நடந்துவிட்டது. லாரிகளுக்கும் கார்களுக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதிக்கும் தில்லிவாசிக்கு இதில் உள்ள கவர்ச்சியைச் சொல்லவே வேண்டாம்: மண்பாதையில் பின்னால் ஹாரன் அடிக்க யாரும் இல்லை.

தலைநகரில் மண்பாதை எங்கே என்று கேட்பவர்களுக்கு ஆரவல்லிதான் பதில். குஜராத்தில் கிளம்பி ராஜஸ்தான், ஹரியானா வழியாக ஏறக்குறைய 700 கி.மீ. ஓடிவரும் இந்த மலைத்தொடரின் வால் தில்லிக்குள் நுழைந்து யமுனைக் கரையில் முடிகிறது. குடியரசுத் தலைவர் மாளிகை நிற்கும் ரைசினா குன்று அதன் ஒரு முடிச்சு. ராமகிருஷ்ணபுரத்தில் தமிழர்கள் படியேறிச் சென்று சுவாமிநாதனைக் கும்பிடும் மலை மந்திரின் பாறையும் இதே குடும்பம். இமயமலை பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே உருவான, நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்த பாறை.

அந்தப் பாறைதான் தில்லியைக் கட்டியது. 14-ஆம் நூற்றாண்டில் துக்ளகாபாத் கோட்டைக்குக் கல் இங்கிருந்தே வெட்டப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு அகதிகளும் அரசு ஊழியர்களும் குவிந்து நகரம் வீங்கியபோது கல்லோடு மணலும் தேவைப்பட்டது. பாறை நொறுங்கி உண்டான செம்மணலுக்கு இங்கே 'பதர்பூர்' என்று பெயர். பதர்பூர் கலக்காமல் தில்லியில் சுவர் எழும்பியதில்லை. கரோல் பாக்கிலோ ராமகிருஷ்ணபுரத்திலோ குடியிருந்த ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் இந்தக் குன்றுகளின் ஒரு பிடி மண்ணுக்குள்தான் வாழ்ந்திருக்கிறது.

அந்த மணல் பெருமளவில் வந்த இடம், தமிழ்க் காதுக்கு நம் ஊர்ப் பெயர் போலவே ஒலிக்கும் பட்டி. தனியார் குத்தகைக்காரர்களிடம் இருந்த சுரங்கங்கள் 1970-களின் நடுவில் அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தன. மண்வெட்டியும் கடப்பாரையும் கழுதையும் கொண்டு பூமி குடையப்பட்டது. உயிர்ப்பலி வாங்கிய விபத்துக்குப் பிறகு 1990-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பக்கத்து அசோலா பகுதி 1986-லேயே வனவிலங்குச் சரணாலயமாகியிருந்தது. 1991-ல் பட்டியும் அதில் சேர்க்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து சுமார் 32 சதுர கி.மீ.

இன்று அங்கே போகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது குழிகள். பல மாடிக் கட்டடம் முழுகிவிடும் ஆழம். விளிம்பில் நின்றால் செங்குத்தான சிவப்புச் சுவர்கள், அடியில் பச்சைப் படுகை. நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே தோண்டிய இடங்களில் தண்ணீர் தேங்கி ஏரியாகிவிட்டது. நீலி ஜீல் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் சுவிட்சர்லாந்து. ஆனால் ஹரியானா எல்லைப் பக்கமுள்ள இப்படிப்பட்ட குழி ஏரிகளில் குளிக்க இறங்கி உயிரிழந்த இளைஞர்கள் பலர். கரையிலிருந்து இரண்டு அடி வைத்தாலே தரை நழுவிவிடும்.

தண்ணீர் ஒரு பக்கம் தேங்கியது என்றால் மறுபக்கம் வற்றியது. ஃபரிதாபாதின் புகழ்பெற்ற பட்கல் ஏரியில் ஒரு காலத்தில் சுற்றுலாப் பயணிகள் படகு விட்டார்கள். சுற்றிலும் பாறையை வெட்டியதில் நீர்வரத்து அறுந்து, பிறகு அது மாடு மேயும் மைதானமானது.

சைக்கிள்காரர்களுக்கு வேறொரு பகை. தமிழ்நாட்டுக்காரருக்கு அறிமுகமே தேவையில்லாத சீமைக்கருவேலம். வெள்ளைக்காரர் காலத்தில் தில்லியைப் பசுமையாக்க விதைக்கப்பட்டு, குன்று முழுவதையும் விழுங்கிவிட்ட மரம். அதன் முள் சாதாரண டியூபைச் சும்மா விடுவதில்லை. அதனால்தான் இங்கே ஓட்டுபவர்கள் டியூப் இல்லாத டயருக்குள் பசை போன்ற திரவத்தை ஊற்றிக்கொள்கிறார்கள். முள் குத்தினால் திரவமே ஓட்டையை அடைத்துவிடும். இந்த முட்காட்டுக்கு நடுவே உள்ளூர் மரங்களை மீண்டும் வளர்க்கும் வேலை 2000-ல் உருவான பிராந்திய ராணுவத்தின் சூழலியல் பட்டாலியனிடம் ஒப்படைக்கப்பட்டது. பலன் தெரிகிறது. சிறுத்தையும் கழுதைப்புலியும் தானியங்கிக் கேமராக்களில் பதிவாகின்றன. நாடாளுமன்றத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் சிறுத்தை!

ஆனால் சிறுத்தைக்குக் கிடைக்கும் கவனம் இந்தக் குழிகளைத் தோண்டியவர்களுக்குக் கிடைப்பதில்லை. பட்டியின் உழைப்பாளிகளில் பெரும்பகுதி ஓட் சமூகத்தினர். பெயரிலும் தொழிலிலும் தமிழகத்து ஒட்டர்களை நினைவூட்டுபவர்கள்: குளம் வெட்டுவது, மண் சுமப்பது, கல் உடைப்பது. கங்கையைப் பூமிக்குக் கொண்டுவந்த பகீரதனின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. நாளும் ஒரு புதுக் கிணறு தோண்டி அந்தத் தண்ணீரையே குடிப்பது என்று முன்னோர் விரதம் பூண்டிருந்ததாகக் கதை. பலருடைய குடும்பங்கள் பிரிவினையின்போது பாகிஸ்தானிலிருந்து வந்தவை. சுரங்கத்துக்கு ஆள் வேண்டியபோது இங்கேயே குடியமர்த்தப்பட்டார்கள். சுரங்கம் மூடி, காடு என்று அறிவிக்கப்பட்டதும் அதே மக்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். அருகிலிருந்த குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. எஞ்சி நிற்கும் சஞ்சய் காலனியை ஒட்டித்தான் சைக்கிள்கள் போகின்றன.

சற்றே வடக்கே, துக்ளகாபாதின் லால் குவானில் கதை இன்னும் கொடியது. அங்கே கல் உடைக்கும் ஆலைகள் இருந்தன. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், தூசியால் நகரம் மூச்சுத் திணறுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1992-ல் அவற்றை மூட உத்தரவிட்டது. ஆலைகளுக்கு ஹரியானாவின் பாலி பகுதியில் மாற்று இடம் கிடைத்தது. தொழிலாளிகளுக்கு நெஞ்சுக்குள் தூசி மிஞ்சியது. படிகக்கல் தூசி நுரையீரலில் படிந்து அதை மெல்ல மெல்ல இறுக்கும் நோய்க்குப் பெயர் சிலிக்கோசிஸ். குணமாக்க மருந்து கிடையாது. காசநோய் என்று நினைத்து மாத்திரை விழுங்கியே மாண்டவர்கள் அங்கே பலர். தூய காற்று தேடி வரும் சைக்கிள்காரர் துணியால் மூக்கை மூடிக்கொண்டு தாண்டிப்போகும் அதே தூசியில் அவர்கள் வாழ்நாள் முழுவதும் வேலை செய்தார்கள்.

பழைய சுரங்கங்களுக்கு நடுவே சைக்கிள் விடுவது தில்லியின் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில், கடல் மோதும் பாறைக் கரையோரம் இருக்கிறது கார்ன்வால். தகரமும் செம்பும் வெட்டிய மண். பாட்டலக்கில் செங்குத்துப் பாறை விளிம்பிலேயே இயந்திரக் கூடங்கள் கோட்டை போல நிற்கின்றன. சுரங்கம் கடலுக்கு அடியில் வரை போனது. அந்தச் சுரங்க நிலப்பரப்பு முழுவதையும் 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. 2021-ல் அதன் வழியே சுமார் 230 கி.மீ. நீளத்துக்கு, பெரும்பாலும் தார் போடாத பாதையாக ஒரு சைக்கிள் வட்டம் அமைந்தது. பெயர் வெஸ்ட் கெர்னோ வே. தாது ஏற்றிய டிராம் தண்டவாளங்கள் கிடந்த தடங்கள்கூட அந்த வட்டாரத்தில் சைக்கிள் பாதைகளாகிவிட்டன.

கார்ன்வால் நமக்கு அந்நியமும் அல்ல. 1880-ல் கோலார் தங்கவயலை நடத்த வந்த லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் தன் சுரங்க வல்லுநர்களை அங்கிருந்துதான் கொண்டுவந்தது. மேலே கார்ன்வால்காரர், மூன்று கி.மீ. ஆழத்தில் பாறையை உடைத்தது வட ஆற்காட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து போன தமிழர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று தங்கவயலில் மிச்சம் சயனைடு மேடுகளும், பெங்களூருக்கு ரயிலேறித் தினக்கூலிக்குப் போய்வரும் பேரப்பிள்ளைகளும்தான். அதே காலத்து கார்ன்வால் சுரங்கத்துக்கு உலகச் சின்னம் என்ற மதிப்பு. கோலாருக்கு அது இல்லை. பட்டிக்கோ அப்படி ஒரு எண்ணமே இன்னும் எழவில்லை.

காரணம் ஒன்று உண்டு. கார்ன்வாலில் சுரங்கம் இறந்த காலம். ஆரவல்லியில் அது முடியவே இல்லை. 2002-லும் 2009-லும் உச்ச நீதிமன்றம் ஹரியானா பக்கத்து ஆரவல்லியில் சுரங்கம் தோண்டத் தடை போட்டது. அதன் பிறகும் இரவில் லாரிகள் நின்றபாடில்லை. ராஜஸ்தானில் ஆய்வு செய்த 128 குன்றுகளில் 31 காணாமல் போய்விட்டன என்ற தகவலைக் கேட்ட நீதிபதிகள், குன்றைத் தூக்கிக்கொண்டு ஓட இவர்கள் என்ன அனுமனா என்ற பொருளில் 2018-ல் கேட்டார்கள். 2022 ஜூலையில் ஹரியானாவின் நூஹ் மாவட்டத்தில் கள்ளச் சுரங்கத்தைத் தடுக்கப் போன டி.எஸ்.பி. சுரேந்தர் சிங் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார்.

2025 நவம்பரில் புது அதிர்ச்சி. சுற்றியுள்ள நிலத்திலிருந்து 100 மீட்டர் உயர்ந்தால்தான் அது ஆரவல்லிக் குன்று என்ற வரையறையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 29-ல் தன் உத்தரவைத் தானே நிறுத்தி வைத்தது. தில்லியின் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 318 மீட்டர்தான். சமவெளியோ 200 மீட்டரைத் தாண்டியது. இந்த அளவுகோலை வைத்தால் இங்குள்ள குன்றுகளில் எத்தனை தேறும் என்பதை யாரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த நிலையில் சைக்கிள்காரர்களின் வருகை நல்லதா கெட்டதா? இரண்டும்தான். ஆள் நடமாட்டம் உள்ள பாதையில் திருட்டு லாரி வரத் தயங்கும். குன்றை மிதித்துப் பார்த்தவர் அது அழியும்போது சும்மா இருக்கமாட்டார். ஆனால் ஆளுக்கொரு குறுக்குவழி கண்டுபிடித்தால் மண் அரிக்கும். அந்தி சாய்ந்த பிறகு விளக்கோடு சுற்றினால் சிறுத்தைக்கு இடைஞ்சல். எல்லை தாண்டி ஹரியானாவில் இருக்கும் மாங்கர் பனி இதற்குப் பாடம். கிளை ஒடித்தால் சாமி குற்றம் என்று கிராமத்தார் தலைமுறைகளாகக் காத்த கோயில்காடு அது. நம் ஊர் ஐயனார் காடுகளைப் போலத்தான். சுற்றிலும் குன்றுகள் குடையப்பட்டபோதும் அங்கே தவ் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. சட்டத்தால் முடியாததைப் பயபக்தி செய்திருக்கிறது.

எனவே போக விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதித்த பாதையை விட்டு விலகக் கூடாது. குழிகளின் விளிம்புக்குப் போவதும் தண்ணீரில் இறங்குவதும் ஆபத்து. குரங்குகள் ஏராளம், நகரில் பிடிபட்டவற்றை இங்கேதான் கொண்டுவந்து விடுகிறார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தை வெளியே எடுக்காதிருப்பது நல்லது. நவம்பர், டிசம்பரில் காற்று மோசமான நாட்களில் வீட்டிலிருப்பதே மேல். மழை ஓய்ந்த செப்டம்பர் இறுதியிலும் பிப்ரவரியிலும் குன்று மிக அழகு.

ஒன்பது மணிக்கு வெயில் ஏறும்போது சைக்கிள்கள் திரும்புகின்றன. சஞ்சய் காலனி முனையில் கட்டட வேலைக்குக் கிளம்பும் ஆட்கள் வண்டிக்காகக் காத்திருக்கிறார்கள். இன்றும் நகரத்தைக் கட்டுவது அவர்கள்தான். வீடு சேர்ந்த சைக்கிள்காரர் குழாயைத் திறந்து டயரைக் கழுவுகிறார். சாக்கடையில் வழிந்தோடும் சிவப்புக் கலங்கல் வேறொன்றும் அல்ல, அவர் வீட்டுச் சுவருக்குள் இருக்கும் அதே பதர்பூர்தான்.