93.5: கோவையின் காற்றலை, அன்றும் இன்றும்

2003ஆம் ஆண்டுக்கு முன்பு கோவையில் வானொலி என்றால் அகில இந்திய வானொலிதான். செய்தி, வேளாண் நிகழ்ச்சி, கர்நாடக இசை, திரைப்பாடல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். நேயர்கள்தான் அதற்குத் தக்கபடி காத்திருந்தார்கள். அந்த ஆண்டு தனியார் நிலையமான சூரியன் எஃப்.எம். 93.5 வந்தது. எப்போது திருகினாலும் பாட்டு. நடுவே பக்கத்து வீட்டுக்காரர் போலப் பேசுகிற ஒருவர்.

இந்த வருகை எளிதாக அமையவில்லை. அலைவரிசை பொதுச்சொத்து, அது அரசின் தனியுரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. பிறகு தனியாருக்காக நடந்த முதல் ஏலத்தில் 40 நகரங்களுக்கு 108 அலைவரிசைகள் முன்வைக்கப்பட்டன. வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறும் என்பது விதி. பலர் பின்வாங்க, கடைசியில் நின்றவை 21 நிலையங்களே. தமிழகத்தில் சென்னை, கோவை, திருநெல்வேலி ஆகிய மூன்று ஊர்களுக்கு மட்டும் அந்த வாய்ப்பு கிடைத்தது. 2005இல் கட்டணம் மொத்த வருவாயில் 4 சதவீதம் என்று மாறியதும் கோவைக்கு மிர்ச்சி, ஹலோ, ரேடியோ சிட்டி எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன.

அன்று கோவையின் கணபதிப் பகுதி லேத் பட்டறைகளிலும் தையல் கடைகளிலும் காலையில் போட்ட ரேடியோ இரவு ஷட்டர் இறக்கும்வரை பாடும். மொபைல் வந்த பிறகு இயர்போன் வயரே ஏரியல் ஆனது. வயரைச் சொருகினால்தான் நிலையம் எடுக்கும். நேயர்கள் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து விருப்பப் பாட்டுக் கேட்கும் நேரம்தான் உச்சம். "வணக்கமுங்க, ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கொறச்சு வெச்சுட்டுப் பேசுங்க" என்பார் தொகுப்பாளர். மறுமுனையில் யாரோ ஓடிப்போய்க் குறைப்பது கேட்கும். பிறகு அம்மா, அண்ணி, கூட வேலை செய்பவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல். பாட்டைவிட அந்தப் பட்டியலுக்காகவே அந்தக் குடும்பங்கள் காத்திருக்கும். தன் பெயரும் தன் ஊர்ப் பெயரும் காற்றில் வருவது சாதாரண மனிதருக்கு அதுவரை கிடைக்காத மரியாதை.

இன்று பாட்டு எல்லோர் கையிலும் இருக்கிறது. வேண்டியதை வேண்டிய நொடியில் கேட்கலாம். புதிய போன்கள் பலவற்றில் எஃப்.எம். வசதியே இல்லை, அதை முடக்காமல் தர வேண்டும் என்று 2023இல் மத்திய அரசு, போன் தயாரிப்பு நிறுவனங்களுக்கு அறிவுரை சொல்லும் நிலை வந்தது. கோவை மிர்ச்சியில் தொடங்கிய ஆர்.ஜே. பாலாஜி போன்றவர்கள் திரைக்குப் போனார்கள். ஒரு நிறுவனம் தன் நிலையங்கள் அனைத்துக்கும் ஒரே நிகழ்ச்சியை அனுப்பிக்கொள்ள 2011இன் கொள்கை வழிவிட்டது. செலவு குறைந்தது, கூடவே ஊரின் குரலும் குறைந்தது.

என் கவலை இந்த இடத்தில்தான். பாட்டு விஷயத்தில் போனோடு போட்டியிட்டு எஃப்.எம். இனி ஜெயிக்க முடியாது. ஆனால் உக்கடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, காந்திபுரத்தில் எந்தப் பக்கம் வண்டி திருப்பிவிடப்படுகிறது என்பதைக் கொங்குத் தமிழில் உடனே சொல்ல அதனால் முடியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில், மின்சாரமும் இணையமும் போன சென்னைத் தெருக்களுக்கு உதவித் தகவல்களைக் கொண்டுபோனதில் பண்பலை நிலையங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் போக்குவரத்தும் வானிலையும் சொல்ல அனுமதி உள்ள தனியார் நிலையம், தன் நகராட்சியைப் பற்றித் தானே ஒரு செய்தி திரட்டிச் சொல்லக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம், அவ்வளவுதான். இந்தத் தடை நியாயமில்லை.

2024இல் 234 புதிய நகரங்களுக்கு 730 அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. திண்டுக்கல், கரூர், தஞ்சாவூர் போன்ற ஊர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. உரிமம் தரும்போதே, நாளில் இத்தனை மணி நேரம் அந்த ஊரில் உட்கார்ந்து, அந்த ஊரைப் பற்றிப் பேச வேண்டும் என்று எழுதிவிட வேண்டும். செய்தித் தடையையும் எடுத்துவிட வேண்டும். ஊர் பெயரில் உரிமம் வாங்கியவர் ஊருக்குப் பேசக் கடமைப்பட்டவர்.