ஹெரால்டு காரின் உயிர் எஞ்சினில் இல்லை, ஆர்.சி. புக்கில்!

பழைய கார் வாங்குறவங்க இதைப் படிச்சுட்டு அட்வான்ஸ் கொடுங்க

வேங்கிக்கால்,

ஷெட்டில் தூசி மூடிக் கிடக்கிற ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பார்த்தால் சிலருக்குக் கை துறுதுறுக்கும். "தகரம் தட்டி, பெயிண்ட் அடிச்சு, எஞ்சினைப் பிரிச்சு மாட்டினா ஜம்முனு ஓடும் சார்" என்று மெக்கானிக்கும் தூண்டிவிடுவார்.

ஓடும்தான். யார் பேரில் ஓடும்? அதுதான் கேள்வி.

கார் கைமாறிக் கைமாறி வந்திருக்கும். புக்கில் மட்டும் முதல் சொந்தக்காரர் பேரே இருக்கும். அவர் காலமாகி வருஷக்கணக்கு ஆகியிருக்கும். இப்படிப்பட்ட காரில் லட்ச லட்சமாகப் பணத்தைக் கொட்டிவிட்டு முழிக்கிறவர்கள் உண்டு.

இங்கிலாந்தில் பிறந்து சென்னையில் வளர்ந்தது

ஹெரால்டு, இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்துக் கார். 1959-ல் 'ட்ரையம்ப்' என்ற பெயரில் வெளிவந்தது. அதற்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியைச் சேர்ந்த மிக்கெலோட்டி.

இதே ஹெரால்டின் சேசிசைக் கொஞ்சம் குட்டையாக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் பாடியை வைத்துத்தான் 1962-ல் 'ஸ்பிட்பயர்' என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. ஆக, நம்ம ஊர் ஹெரால்டு, சீமை ரேஸ் காருக்கு அண்ணன் முறை.

1948-ல் சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் இதைச் செய்து விற்றது. தொழிற்சாலை வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம். பிறகு நாலு கதவு வைத்த மாடலும் வந்தது. அது இந்தியாவுக்கென்றே செய்தது. 1972-ல் 'கெசல்' வந்ததும் ஹெரால்டு காலம் முடிந்தது. சோழவரம் பந்தய மைதானத்திலும் ஹெரால்டுகள் சீறிப் பாய்ந்த காலம் ஒன்று இருந்தது.

இந்தக் காரில் இரண்டு விசேஷம். ஒன்று, சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். தேரடித் தெருவிலே வளைக்க இதைவிடத் தோதான கார் கிடையாது. இன்னொன்று, பானெட்டை மூடி மாதிரித் தூக்குவதில்லை. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து மூக்கு முழுவதையும் முன்பக்கமாகக் கவிழ்க்கணும். எஞ்சின் அப்படியே வெட்டவெளியாகத் தெரியும்.

வில்லங்கம் இங்கேதான்

ஹெரால்டின் பாடி ஒரே வார்ப்பு அல்ல. துண்டு துண்டாகப் போல்ட் போட்டுச் சேர்த்தது. அடியிலே தனியாகச் சேசிஸ். ரிப்பேருக்கு இது வரப்பிரசாதம். அதே வசதி வம்பும் ஆகும்.

ஒரு காரின் மூக்கு, இன்னொரு காரின் டிக்கி, மூன்றாவது காரின் எஞ்சின் என்று கழற்றி மாட்டி ஒரே காராக்கலாம். பளபளவென்று வந்து நிற்கும். பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள். ஆனால் அது எந்தக் கார்?

லண்டன் கோர்ட்டில் நடந்த வழக்கு

இதே கேள்வி 1990-ல் இங்கிலாந்தில் கோர்ட் படி ஏறியது. தகராறு சின்னத் தொகைக்கு அல்ல. 1 கோடி பவுன்!

கார், பென்ட்லி கம்பெனியின் 'ஓல்டு நம்பர் ஒன்'. பிரான்ஸ் நாட்டின் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 என்று இரண்டு வருஷம் அடுத்தடுத்து ஜெயித்த கார். அதிலே பெரிய எஞ்சினை ஏற்றி மறுபடி பந்தயத்துக்கு விட்டார்கள். 1932-ல் புரூக்லண்ட்ஸ் மைதானத்தில் மேட்டைத் தாண்டிப் பறந்து விழுந்தது. ஓட்டிய கிளைவ் டன்பீ பலியானார். அதற்குப் பிறகு வேறு பாடி கட்டினார்கள்.

காரை வாங்க ஒப்புக்கொண்ட கம்பெனி கடைசி நேரத்தில் பின்வாங்கியது. "இது அந்தக் காரே இல்லை, எல்லாம் மாத்தின சாமான்" என்பது அவர்கள் வாதம்.

நீதிபதி ஆட்டன் ஒவ்வொரு பாகமாக அலசினார். ஜெயித்த நாளில் இருந்த சாமான் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருந்தது தெரியவந்தது. ஆனாலும் தீர்ப்பு விற்றவர் பக்கம்! பாகங்கள் மாறினாலும் காரின் வரலாறு எங்கும் அறுபடவில்லை, அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ள அதற்கு உரிமை உண்டு என்றார். வாங்க ஒப்புக்கொண்டவர்கள் பேச்சை மீற முடியவில்லை.

இரும்பு போனாலும் கோர்வையான வரலாறுதான் காரைக் காப்பாற்றியது.

நம்ம நாட்டுச் சட்டம் வேற மாதிரி

மத்திய அரசு 2021 ஜூலையில் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும். சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறாமல் பழைய வடிவிலேயே இருக்கணும். நம்ம மாநிலம் என்றால் புது நம்பர் 'டி.என். வி.ஏ.' என்று தொடங்கும். பழைய பதிவு இருந்தால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20 ஆயிரம். 10 வருஷம் செல்லும், மறுபதிவுக்கு ரூ.5 ஆயிரம்.

அந்த பென்ட்லி இங்கே வந்திருந்தால் இந்த விதியில் தேறுவதே சந்தேகம்தான்.

இன்றைக்கு எந்த ஹெரால்டும் 50 வயதைத் தாண்டியதுதான். ஆனால் விண்டேஜ் பதிவு வாங்கிவிட்டால் தினம் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குப் போக, அவ்வளவுதான். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சும்மா ஊர் சுற்றக் கூடாது. இதைச் சொல்லாமலே காரை விற்கிறார்கள்.

விற்றவருக்கும் ஆபத்து

வாங்குறவருக்கு மட்டுந்தான் தலைவலி என்று நினைக்காதீங்க. மொபெட் விற்றவருக்கும் இதே கதைதான்.

ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் விற்றவர் தெரிவிக்கணும். 30 நாளில் வாங்கியவர் பெயர் மாற்ற மனுப் போடணும். பாரம் 29, 30 என்று அதற்கென்றே இருக்கிறது. சொந்தக்காரர் இறந்துவிட்டால் வாரிசு 30 நாளில் தகவல் சொல்லி, 3 மாதத்துக்குள் பாரம் 31-ல் மனுக் கொடுக்கணும்.

செய்யாவிட்டால் என்ன ஆகும்? 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒருவர் 2007-ல் காரை விற்றார். அது பல கை மாறியது. 2009-ல் ரிவர்சில் எடுத்தபோது மோதி ஒரு பையன் இறந்தான். நஷ்ட ஈடு யார் தலையில்? பதிவில் பெயர் மாறாததால் 2007-ல் விற்ற அந்த மனுஷர் தலையில்! காரை விற்று இரண்டு வருஷம் ஆனவர்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு

திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது 1989-ல். ஹெரால்டு ஓடிய காலத்தில் இது வட ஆற்காடு, தலைநகர் வேலூர். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எல்லாம் அதற்குப் பிறகு வந்தது. டி.என். 25 என்ற நம்பரும் அப்படித்தான்.

அதனால் அந்தக் காலத்து ஹெரால்டில் டி.என். 25 இருந்தால், அது எப்போது, எந்த நம்பரிலிருந்து மாறியது என்று கேளுங்க. எம்.எஸ்., எம்.டி., டி.எம். என்று பழைய பலகையே தொங்கினால், எந்த ஆபீஸ் பதிவு என்று புக்கைப் பாருங்க. "புக் தொலைஞ்சுபோச்சு சார், அப்புறம் எடுத்துத் தர்றேன்" என்றால் கையை எடுத்துவிடுங்க. பெயர் இருப்பவர் இறந்திருந்தால் வாரிசுகள் எத்தனை பேர், எல்லாரும் கையெழுத்துப் போடத் தயாரா என்று விசாரிங்க. வெளியூர் மகள் ஒருத்தர் மறுத்தாலே காரியம் கெட்டுவிடும்.

கடைசியாக, போகும்போது ஒரு பென்சிலும் வெள்ளைத் தாளும் கொண்டு போங்க. சேசிஸ் நம்பர் மேலே தாளை வைத்துத் தேய்த்தால் எழுத்து அப்படியே விழும். எஞ்சின் நம்பரையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்க. ரெண்டும் புக்கில் இருக்கிற நம்பரோடு ஒத்துப்போனால் மட்டும் விலையைப் பேச ஆரம்பிங்க.