என்ஜின் புதுசு, பிரேக் எங்கே?



போன மாதம் ஒரு தோட்டத்துக் கூட்டத்தில் லோரி ஓட்டும் தம்பி ஒருவர் சொன்னார்: "அண்ணே, எங்க பழைய லோரிக்கு வேற என்ஜின் போட்டுட்டாங்க. மேடு சும்மா பறக்குது!" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது.

இரண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் போர்டு, செவர்லே கம்பெனிகள் 4 லட்சத்துக்கு மேல் சப்பை மூக்குப் பட்டாள லோரிகளைச் செய்தன. போருக்குப் பிறகு, இப்படிக் கழித்துவிட்ட பட்டாள லோரிகள்தாம் நம் நாட்டுக் காடுகளில் பாலாக் மரம் இழுத்தன. சீனர்கள் 'சான் தாய் வோங்', அதாவது மலை ராஜா என்றார்கள். மலாய்க்காரர்கள் 'லோரி ஹந்து' என்றார்கள். பேய் லோரி!

1990-ல் நான் தோட்டப் பள்ளியில் 5-ஆம் ஆண்டு. மறுநடவுக்கு வெட்டிய பால்மரம் ஏற்றக் குத்தகைக்காரர் அப்படி ஒரு செவர்லேயைக் கொண்டுவந்தார். 6 சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், 85 குதிரைசக்தி. எண்ணெயைக் குடம் குடமாய்க் குடிக்கும். சாமானும் கிடைக்காது. ஆகவே உடைத்த லோரி ஒன்றின் ஜப்பான் டீசல் என்ஜினை வாங்கிப் போட்டார்கள். பட்டறைக்காரர் கெட்டிக்காரர்தான். பாரம் தாங்கப் புதுத் தாங்கிகளை வெல்டிங் வைத்தார். பழைய கியர் பெட்டியோடு சேர, கடைந்த இரும்புத் தகட்டை நடுவில் கொடுத்தார். கிளட்ச் நூல் பிசகாமல் உட்கார்ந்தது. வண்டி கிளம்பியபோது பிள்ளைகள் நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

கோளாறு பிரேக்கில் இருந்தது. பெட்ரோல் வண்டியில் எண்ணெய் பெடலிலிருந்து காலை எடுத்ததும் கார்புரேட்டர் கதவு மூடும். என்ஜின் காற்றை இழுக்கப் பார்க்கும், வழியிருக்காது. அந்த இழுவைதான் ஒரு குழாய் வழியாகப் போய்ப் பிரேக்குக்குத் துணை செய்யும். டீசலில் அந்தக் கதவு இல்லை, இழுவையும் இல்லை. தனியாக ஒரு வாக்கும் பம்ப் வேண்டும். ஜப்பான் டீசல்கள் பலவற்றில் அது அல்ட்டர்னேட்டரின் முதுகில் இருக்கும். அவர்கள் வாங்கிய என்ஜினில் அல்ட்டர்னேட்டரே இல்லை. ஏதோ காருடையதை மாட்டினார்கள். பம்ப் போச்சு! பிரேக் குழாயின் வாயை மடக்கிக் கம்பியால் கட்டிவிட்டார்கள்.

மூன்றாவது வாரம், மரம் நிறைந்த லோரி இறக்கத்தில் நிற்கவில்லை. டிரைவர் பெடல்மேல் ஏறி நின்றும் பயனில்லை. மண்மேட்டில் மோதி நிறுத்தினார். மரத்தின்மேல் உட்கார்ந்து வந்த என் அப்பாவுக்கு இடக்கால் முறிந்தது. ஐந்து மாதம் சம்பளமில்லை. 'டிரைவரின் அஜாக்கிரதை' என்று எழுதி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்பி கட்டிய குழாயைப் பின்னால் கண்டுபிடித்தது எங்கள் லயத்துப் பிட்டர் மாமாதான்.

வாக்கும் பிரேக் உள்ள லோரி என்றால் இப்படிப் பாருங்கள். என்ஜினை நிறுத்திவிட்டுப் பிரேக்கை நாலைந்து தடவை மிதியுங்கள். பெடல் இறுகும். காலை எடுக்காமல் என்ஜினைக் கிளப்புங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் துணை வேலை செய்யவில்லை, ஏறாதீர்கள்.

என்ஜின் மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும், கிராண்டில் நம்பரும் மாற வேண்டும். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 1-6-2024 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி விலகி நிற்கலாம்.

அந்தத் தம்பி மறுநாள் விடியற்காலையில் போன் போட்டார். "பெடல் கல்லு மாதிரி அப்படியே நிக்குது அண்ணே." அன்று லோரி பெரட்டுக் களத்திலேயே நின்றது. ஆட்கள் நடந்தே வெளிக்காட்டுக்குப் போனார்கள்.