மகப்பேறும் மருத்துவச்சியும்

கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனை 1555ஆம் ஆண்டையொட்டிப் போர்ச்சுக்கீசியரால் கட்டப்பட்டுக் கொச்சி மன்னருக்கு அளிக்கப்பட்டது. பின்னர் டச்சுக்காரர் அதனைப் பழுதுபார்த்தனர். அதன் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் கதை வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளது. தசரதன் மகப்பேறு வேண்டிச் செய்த வேள்வியில் தொடங்கும் அவ்வரிசையில், அவனுடைய தேவியர் மக்களை ஈன்றெடுக்கும் காட்சியும் இடம்பெற்றிருக்கிறது. பிரசவ வேதனையிலுள்ள அரசியருக்குப் பெண்டிர் துணைபுரிவதை ஓவியர் ஒளிவுமறைவின்றிக் காட்டியுள்ளனர். சமயக் கதையைச் சொல்லும் இந்த ஓவியம், மானிடவியலார் ஆராயும் ஒரு செய்தியையும் உணர்த்துகிறது: பெண் தனித்துப் பிள்ளை பெறுவதில்லை, அவளுக்குத் துணை வேண்டும்.

மனிதனுக்கு மட்டும் ஏன் இந்தத் துணை?

குரங்கினங்களில் தாய் பெரும்பாலும் தனித்தே குட்டி ஈனும். மனிதரின் நிலை வேறு. நிமிர்ந்து நடக்கத் தொடங்கியதால் இடுப்பெலும்புக் கூட்டின் வடிவம் மாறியது. காலப்போக்கில் மூளை பெருத்ததால் சிசுவின் தலையும் பெரிதாயிற்று. எனவே குழந்தை குறுகிய வழியில் திரும்பித் திரும்பி வெளிவர வேண்டியிருக்கிறது. வெளிவரும்போது அதன் முகம் பெரும்பாலும் தாயின் முதுகுப்புறம் நோக்கியே இருக்கும். தாய் தானே அதனைப் பிடித்து இழுத்தால், குழந்தையின் முதுகெலும்பு பின்புறமாக வளைந்து தீங்கு நேரலாம். ஆகவே பிறர் உதவி தேவைப்பட்டது என்பது அமெரிக்க மானிடவியலார் வெண்டா டிரெவாதன் 1987இல் வெளியிட்ட நூலின் கருத்து. இக்கருத்தின்படி, மருத்துவச்சியின் பணி மனித இனத்தின் மிகப் பழைய பணிகளுள் ஒன்றாகிறது.

அமர்ந்தும் குந்தியும்

பழங்காலப் பெண்டிர் பல நாடுகளில் அமர்ந்தோ, குந்தியோ, மண்டியிட்டோ மகவீன்றனர். எகிப்தில் இரு செங்கற்களின் மேல் கால் ஊன்றிக் குந்துவது வழக்கம். ஏறக்குறைய 3,700 ஆண்டுகட்கு முற்பட்ட, ஓவியம் தீட்டிய அத்தகைய செங்கல் ஒன்று 2001இல் அபிடோஸ் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. மட்டாஞ்சேரி அரண்மனையின் அருகிலேயே 1568இல் கட்டப்பட்ட யூதர் ஆலயம் இருக்கிறது; அங்கு ஓதப்படும் யாத்திராகமத்திலும் எபிரேய மருத்துவச்சியர் இருவரின் பெயர்களும், பிரசவ இருக்கையும் குறிப்பிடப்படுகின்றன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எபேசு நகர மருத்துவர் சொரானஸ், மருத்துவச்சியர்க்கென எழுதிய நூலில் பிரசவ நாற்காலியை விவரித்துள்ளார்.

கட்டிலில் சாய்ந்து பிள்ளை பெறும் முறை ஐரோப்பாவில் வலுப்பெற்றது பதினேழாம் நூற்றாண்டில்தான். பிரெஞ்சு மருத்துவர் மொரிசோ 1668இல் வெளியிட்ட நூல் அதற்குப் பெரிதும் ஆதரவளித்தது. மருத்துவர் கருவிகளைக் கையாள அது வசதியாக இருந்தது.

கொச்சியின் வழக்கங்கள்

கொச்சி சமஸ்தானத்தின் குலங்களையும் பழங்குடிகளையும் ஆராய்ந்த எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர் 1909லும் 1912லும் இரு தொகுதிகளை வெளியிட்டார். மணம், மரணம் ஆகியவற்றோடு பிரசவச் சடங்குகளையும் அவர் பதிந்தார். மருத்துவச்சியை மலையாளத்தில் வயற்றாட்டி என்பர். வேலன் குலப் பெண்டிரும், மாப்பிள்ளை முஸ்லிம்களிடையே ஒஸ்ஸான் குலப் பெண்டிரும் இத்தொழிலைச் செய்துவந்தனர். தமிழகத்திலும் நாவிதர் குலப் பெண்டிரே பல ஊர்களில் மருத்துவச்சியராக விளங்கினர். தீட்டுக் கருதி இவர்களைத் தாழ்வாக நடத்திய சமூகம், உயிர் காக்கும் வேளையில் இவர்களையே நம்பியிருந்தது.

கருவுற்ற பெண்ணுக்குப் புளிகுடிச் சடங்கு, பிள்ளை பெற்றபின் எண்ணெய் தேய்த்து மூலிகை வெந்நீரில் வேதுகுளி, பல நாள் ஓய்வு ஆகியவை கேரளத்தில் நெடுங்காலமாக நிலவுகின்றன. தமிழகத்து வளைகாப்பும், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வதும், பிரசவ லேகியமும் இவற்றின் உடன்பிறப்புக்கள். உழைப்பினின்று தாய்க்கு விடுதலையும், அன்பானவர் துணையும் கிடைக்கச் செய்தன என்பதே இவற்றின் தலையாய பயன்.

மறைந்திருந்த ஆபத்து

பழமை யாவும் நன்று என்று கொள்வது பேதைமை. கிருமிகளைப் பற்றிய அறிவு இல்லாத காலத்தில், சுத்தம் செய்யாத கருவியால் தொப்புள்கொடி அறுக்கப்பட்டது. சில இடங்களில் அதன்மீது சாணமும் பூசப்பட்டது. இதனால் தனுர்வாதம் கண்டு இறந்த சிசுக்கள் எண்ணற்றவை. சீம்பாலைக் கறந்து கொட்டியதும் தீய வழக்கமே. நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்த முதல் உணவு அது. தடுப்பூசியாலும் தூய பிரசவ முறையாலும் தாய், சிசு தனுர்வாதம் இந்தியாவில் அறவே கட்டுப்பட்டதை 2015இல் உலக சுகாதார ஸ்தாபனம் உறுதிப்படுத்தியது.

ஆயின் குற்றம் மருத்துவச்சியிடம் மட்டும் இருக்கவில்லை. வியன்னா நகர மருத்துவமனையில் 1846இல் மாணவ மருத்துவர் பணிபுரிந்த பிரிவில் 100 தாய்மாரில் 11 பேருக்கு மேல் இறந்தனர். மருத்துவச்சியர் பிரிவில் 3 பேருக்கும் குறைவு. பிணப் பரிசோதனை செய்த கைகளுடனேயே மாணவர் பிரசவ அறைக்கு வந்ததே காரணம் என மருத்துவர் செம்மல்வைஸ் கண்டார். 1847இல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தார். மரணம் வெகுவாகக் குறைந்தது.

இன்றைய வினா

கேரளத்தில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நிகழ்கின்றன. 2018-20ஆம் ஆண்டுகளின் கணக்குப்படி, ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு அங்கு இறந்த தாய்மார் 19. இந்தியா முழுவதற்குமான எண் 97. இது மருத்துவத்தின் மாபெரும் வெற்றி. இன்னொரு கணக்கும் உண்டு: 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கேரளத்தில் 100க்கு ஏறக்குறைய 39 பிரசவங்களும் தமிழ்நாட்டில் 45 பிரசவங்களும் சிசேரியன் அறுவையால் நிகழ்ந்தன, நாட்டின் சராசரி 22க்குச் சற்றுக் குறைவு. இவ்வறுவை தக்க வேளையில் உயிர் காப்பது. தேவையின்றிச் செய்யப்படின் தாய்க்கு வீண் இடர்.

இங்குதான் பழைய அறிவு மீண்டும் ஆராயப்படுகிறது. 15,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான முடிவு, பிரசவத்தின்போது இடைவிடாத துணை பெற்றோர்க்கு இயல்பான மகப்பேறு மிகுதி, அறுவை குறைவு எனக் காட்டியது. நிமிர்ந்த நிலை ஆயுதப் பிரசவத்தைச் சிறிது குறைக்கிறது. இரத்தப்போக்கு கூடக்கூடுமாதலால் கண்காணிப்புத் தேவை. தாய் விரும்பும் துணையையும், அவளுக்கு உகந்த நிலையையும் அனுமதிக்குமாறு உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் பரிந்துரைத்தது. பிரசவத் துணையை அரசு மருத்துவமனைகளில் அனுமதிக்க இந்திய அரசு 2016இல் முடிவு செய்தது. செவிலியரைத் தேர்ந்த மருத்துவச்சியராகப் பயிற்றும் திட்டத்தையும் 2018இல் அறிவித்தது.

கழுவிய கையும் அன்பான கையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. முன்னதை விஞ்ஞானம் தந்தது. பின்னதை மட்டாஞ்சேரி ஓவியர் முன்பே அறிந்திருந்தனர். இரண்டும் ஒருங்கே கிடைக்கும் பிரசவ அறையே தாய்மார்க்கு நாடு அளிக்கவேண்டிய சீதனம்.