மடக்குக் கத்தி: மார்க்கெட் வேலைக்கு எது தாங்கும்?

மதுரையிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடியைத் தாண்டினால் பரவை. வெளியூர்க்காரர்களுக்கு அது பரவை முனியம்மா ஊர். காய்கறி வியாபாரிகளுக்கு அது மொத்த மார்க்கெட். விடிவதற்கு முன்னாலேயே லாரி லாரியாக வெங்காயமும் உருளையும் பூசணியும் இறங்கும் இடத்தில், யார் மடியைத் தடவினாலும் ஒரு கத்தி இருக்கும். சாக்கு வாய் தைத்த சணலை அறுக்க, நைலான் கயிறு வெட்ட, அட்டைப் பெட்டி பிரிக்க, வாழைத்தாரில் சீப்பு சீப்பாக நறுக்க, பூசணிக்காயைப் பிளந்து கொள்முதல்காரருக்கு உள்சதையைக் காட்ட என்று ஒரு நாளைக்கு நூறு தடவை அது வெளியே வரும்.

அந்தக் கத்தியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இந்தக் குறிப்பு. நூறு சொச்சம் ரூபாய்க்கும் மடக்குக் கத்தி கிடைக்குது, பல ஆயிரத்துக்கும் கிடைக்குது. கத்திதானே, இதுல என்ன ஆராய்ச்சி என்று கேட்கலாம். கத்தி மடங்கும்போது அந்த வழியில் இருப்பது ஆள்காட்டி விரல். சுமை தூக்குகிறவருக்கு விரல் போனால் அன்றைய கூலி போகும். நரம்போ தசைநாரோ அறுந்தால் மாதக்கணக்கில் போகும். ஆகவே ஆராய்ச்சி செய்யலாம், தப்பில்லை.

முதலில், மடக்கத்தான் வேண்டுமா?

நேராகச் சொன்னால், மடக்காத கத்தி எப்பவும் உறுதி. ஒரே இரும்புத் துண்டு கைப்பிடிக்குள் போகிறது, நடுவில் கீல் கிடையாது. திருப்பாச்சேத்திப் பட்டறை அருவா இத்தனை பேர் வாங்கியது எதற்கு? லாரி வில்பட்டை இரும்பை அடித்துச் செய்வதால் வளைந்து கொடுக்கும், சட்டென்று உடையாது. தென்னை மட்டை கழிக்க, வாழை மரம் சாய்க்க, விறகு பிளக்க என்றால் அருவாதான். அந்த வேலைக்கு எந்த மடக்குக் கத்தியையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

மடக்குக் கத்திக்கு ஒரே ஒரு நியாயம்தான் உண்டு: கூர் மூடி இருக்கும். மடியில் வைத்துக்கொண்டு குனியலாம், மூட்டை தூக்கலாம், டூ வீலரில் போகலாம், பிள்ளையைத் தூக்கலாம். இந்த வசதிக்காக உறுதியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம். எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி.

பூட்டு

மடக்குக் கத்தியின் பலவீனம் கீலும் பூட்டும். கடைக்காரர் இரும்பைப் பற்றித்தான் பேசுவார். நீங்கள் பூட்டைப் பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. அலகு 8 செ.மீ. நீளம், பூட்டு பிடிக்கிற இடம் கீல் ஆணியிலிருந்து 8 மி.மீ. தள்ளி என்று வையுங்கள். நெம்புகோல் விகிதம் பத்துக்கு ஒன்று. அலகின் நுனிப்பக்கம் முதுகில் 10 கிலோ அழுத்தம் விழுந்தால் பூட்டில் 100 கிலோ விழும். சின்னக் கொக்கி ஒன்று அதைத் தாங்க வேண்டும்.

ஆனால் சாதாரணமாக வெட்டும்போது இந்தச் சுமை பூட்டுக்கு வருவதில்லை. கூர்ப்பக்கம் அழுத்தினால் அலகு மேலும் திறக்கத்தான் பார்க்கும். அதைத் தடுக்கும் கட்டை வேறு. பூட்டு சோதனைக்கு வருவது மூன்று இடங்களில். நுனியால் குத்தி ஓட்டை போடும்போது ஒன்று. பூசணியிலோ சேனைக்கிழங்கிலோ சிக்கிய அலகை ஆட்டி ஆட்டி எடுக்கும்போது இரண்டு. வெட்டி முடித்த வேகத்தில் அலகின் முதுகு எங்காவது போய் இடிக்கும்போது மூன்று. விரல் வெட்டுப்படுவதும் இந்த மூன்றில்தான்.

இனி வகைகள்.

பூட்டே இல்லாதது: நம்ம ஊர் பேனாக்கத்தி. உள்ளே ஒரு வில் மட்டும் அலகை அழுத்திப் பிடித்திருக்கும். பழம் நறுக்க, பென்சில் சீவ அருமை. குத்துகிற வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

வளையப் பூட்டு: பிரான்ஸின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-ல் செய்யத் தொடங்கிய விவசாயிகள் கத்தியில் உள்ளது. கழுத்தில் ஒரு உலோக வளையம். திருகினால் அலகு மடங்காது. இந்த வளையம் 1955-ல்தான் சேர்ந்தது, அதுவரை அதுவும் பூட்டில்லாக் கத்திதான். எளிமையான ஏற்பாடு, நம்பலாம். இரண்டு குறை. ஒவ்வொரு தடவையும் நாமே திருக வேண்டும். அவசரத்தில் திருக மறந்தால் பூட்டு இல்லாத மாதிரிதான். இன்னொன்று, மரக் கைப்பிடி ஈரத்தில் ஊதிவிடும். ஐப்பசி மழையில் நனைந்தால் திறக்கவே மக்கர் பண்ணும்.

முதுகுப் பூட்டு: கைப்பிடியின் முதுகில் ஒரு நீளக் கம்பி, அதன் கொக்கி அலகின் பள்ளத்தில் விழும். 1960-களில் அமெரிக்காவின் பக் நிறுவனம் 110 என்ற மாடலில் இதைப் பிரபலமாக்கியது. திறந்தால் தானாகவே பூட்டிக்கொள்ளும். மூட இரண்டு கை வேண்டும், அதுவும் ஒரு வகையில் பாதுகாப்புதான். பள்ளத்தில் மண்ணோ சணல் தூசியோ அடைந்தால் கொக்கி முழுதாக விழாது. இது ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும்.

உள்தகட்டுப் பூட்டு: இன்று ஆன்லைனில் வருவதில் பெரும்பாலானவை இதுதான். கைப்பிடிக்குள் இருக்கும் தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியை முட்டுக்கொடுக்கும். 1980-களில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர் இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். நன்றாகச் செய்தால் நல்ல பூட்டு. மலிவாகச் செய்தால் தகடு மெல்லிசாக இருக்கும், முறுக்கும்போது நழுவும். மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் இருப்பதையும் மறக்கக் கூடாது.

மார்க்கெட் வேலைக்கு என் வரிசை: முதலில் முதுகுப் பூட்டு, அடுத்து தடித்த தகடுள்ள உள்தகட்டுப் பூட்டு, அதற்கடுத்து வளையப் பூட்டு. எதுவானாலும் கொள்கை ஒன்றுதான். பூட்டு என்பது சீட் பெல்ட் மாதிரி, அதை நம்பி வண்டியை மோதக் கூடாது.

அலகு

நீளம் 8 முதல் 9 செ.மீ. போதும். அதற்கு மேல் போனால் நெம்புகோல் கணக்கு நமக்கு எதிராகும்.

தடிமன் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வளையாமல் நிற்கும் திறன் தடிமனின் கனமடங்காக ஏறும். 2 மி.மீ. அலகைவிட 3 மி.மீ. அலகு கிட்டத்தட்ட 3.4 மடங்கு விறைப்பு. அப்ப 5 மி.மீ. இன்னும் நல்லதுதானே? இல்லை. தடித்த அலகு வெட்டாது, ஆப்பு மாதிரி இறங்கி நடுவில் சிக்கும். சிக்கினால் ஆட்டி எடுப்பீர்கள், ஆட்டினால் பூட்டுக்குச் சுமை. முதுகு 2.5 முதல் 3 மி.மீ., கூரை நோக்கி நன்றாக மெலிந்து வருவது: இதுதான் சரியான அளவு. பல் வைத்த அலகு கயிற்றுக்கு நன்றாக இருக்கும், ஆனால் சாணைக்கல்லில் தீட்ட முடியாது. நேர் அலகே போதும்.

இரும்பு

இரண்டு கட்சி. கார்பன் எஃகு ஒன்று, ஸ்டெயின்லெஸ் இன்னொன்று. கார்பன் எஃகு சீக்கிரம் கூர் ஏறும், சாதாரணக் கல்லிலேயே தீட்டலாம். ஆனால் துரு பிடிக்கும். வாழைக்கறை பட்டால் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். கறையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால் வரும் கருப்பு அது. அலகுக்குக் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் ஒரு மாதிரி இருக்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் பத்தரை சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருக்கும். துருவை எதிர்க்கும், ஆனால் துருவே பிடிக்காது என்று அர்த்தமில்லை. உப்பும் ஈரமும் சேர்ந்தால் கீல் பக்கம் புள்ளி விழும்.

சோழவந்தான் பக்கம் வாழைத் தோட்டத்திலோ வெற்றிலைக் கொடிக்காலிலோ நாள் முழுக்க ஈரத்தில் நிற்பவருக்கு ஸ்டெயின்லெஸ். கடையில் உலர்ந்த சாக்கும் அட்டையும் அறுப்பவர், தினம் துடைத்து வைக்கிற பழக்கம் உள்ளவர் என்றால் கார்பன் எஃகு.

விளம்பரங்களில் ஹெச்.ஆர்.சி. என்று ஒரு எண் வரும். ராக்வெல் கடினத்தன்மை அது. எண் ஏற ஏற கூர் அதிக நேரம் நிற்கும், ஆனால் எளிதில் விண்டு போகும். விக்டோரினாக்ஸ் கத்திகள் 56-ஐ ஒட்டி இருக்கும். 60-க்கு மேல் போனால் வீட்டுக் கல்லில் தீட்டுவது சிரமம். முரட்டு வேலைக்கு 56 முதல் 58 போதும். மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம், விண்டால் என்ன செய்ய?

இன்னொரு விஷயம். மார்க்கெட்டில் கத்தியை மழுக்குவது சாக்கு மட்டுமில்லை, சாக்கில் ஒட்டிய மண். மணலில் உள்ள குவார்ட்ஸ், கடினப்படுத்திய எஃகையே கீறும். உருளைக்கிழங்குச் சாக்கை அறுப்பது என்பது பாதி உப்புத்தாளில் கத்தியைத் தேய்ப்பது மாதிரி. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் இந்த மண்ணில் மழுங்கத்தான் செய்யும். அதனால் மழுங்காத இரும்பைத் தேடி அலையாமல், சுலபமாகத் தீட்டக்கூடிய இரும்பை வாங்குங்கள்.

கைப்பிடி

வியர்வையிலும் தண்ணீரிலும் வழுக்காமல் இருக்க வேண்டும். பளபள ஸ்டீல் கைப்பிடி கடையில் அழகு, கையில் மீன். சொரசொரப்பான பிளாஸ்டிக் அல்லது நைலான் போதும். நான்கு விரலும் உட்கார வேண்டும். அலகுக்கும் விரலுக்கும் நடுவே சின்னத் தடுப்பு மேடு இருந்தால் குத்தும்போது கை முன்னால் வழுகாது. வால்பக்கம் ஓட்டை இருந்தால் ஆரஞ்சு நிறக் கயிறு கட்டுங்கள். காய்கறிக் குப்பையில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும்.

கடையில் செய்ய வேண்டியது

திறந்து, அலகை இடம் வலமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கீல் ஆணி திருகாக இருந்தால் நல்லது, பின்னால் இறுக்கலாம். ரிவெட் அடித்திருந்தால் தளர்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கடைசியாகப் பூட்டு. திறந்த கத்தியின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாகத் தட்டுங்கள், விரல் எதுவும் அலகின் பாதையில் இல்லாதபடி கைப்பிடியைப் பக்கவாட்டில் மட்டும் பிடித்துக்கொண்டு. ஓங்கி அடிக்க வேண்டாம், நல்ல பூட்டும் கெடும். லேசாகத் தட்டியதற்கே மடங்கினால் அது கத்தியே இல்லை, எலிப்பொறி.

தீட்டுவது, பராமரிப்பது

பக்கத்துக்கு 20 டிகிரி வைத்துத் தீட்டலாம். டிகிரி பார்க்கக் கருவி வேண்டாம். அலகின் அகலம் 2 செ.மீ. என்றால், முதுகைக் கல்லிலிருந்து 7 மி.மீ. தூக்கினால் 20 டிகிரி வந்துவிடும். சாயந்திரம் கீலில் உள்ள தூசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி, ஈரம் துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய். அம்புட்டுத்தான். காய்கறி நறுக்கும் கத்திக்கு மெஷின் ஆயில் வேண்டாம்.

சட்டம்

ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் வந்த 2016 விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நாம் பேசும் கத்தி அந்த அளவில் பாதிகூட இல்லை. ஆனாலும் பட்டனை அமுக்கினால் பாய்ந்து வரும் கத்தியை வாங்காதீர்கள். வேலைக்கு அது தேவையில்லை, போலீஸ்காரரிடம் விளக்கம் சொல்லவும் கஷ்டம். வேலைக் கத்தி வேலை இடத்தில் இருக்கட்டும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கும் கோயிலுக்கும் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

வெட்டுப்பட்டால்

சுத்தமான துணியை வைத்து விடாமல் பத்து நிமிடம் அழுத்துங்கள், கையை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடியுங்கள். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். பிறகு டாக்டர்தான் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். ரத்தம் நின்றதும் விரலை மடக்கி நீட்டிப் பாருங்கள், நுனியைத் தொட்டுப் பாருங்கள். மடங்கவில்லை, அல்லது நுனியில் உணர்ச்சி இல்லை என்றால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே தசைநாரோ நரம்போ போயிருக்கலாம். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நாள் தள்ளினால் அறுந்த தசைநார் உள்ளே இழுத்துக்கொள்ளும், சேர்ப்பது கஷ்டம். டி.டி. ஊசியும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: 8 செ.மீ. நேர் அலகு, 3 மி.மீ.க்கு மிகாத முதுகு, முதுகுப் பூட்டு, திருகுக் கீல், வழுக்காத கைப்பிடி. இவ்வளவும் இருக்கிற நடுத்தர விலைக் கத்தி ஒன்று போதும். மிச்சம் ஆகும் காசில் ஒரு நல்ல சாணைக்கல் வாங்குங்கள். மழுங்கிய கத்தியைத்தான் நாம் ஓங்கி அழுத்துகிறோம், ஓங்கி அழுத்தும்போதுதான் கை வழுக்குகிறது.